டெலீட் ஆகாத ஃபோல்டருக்காக டிஸ்க்கை ஃபார்மட் செய்யாதீர்கள்

பழைய லேப்டாப் படுத்துவிட்டது, ஆனால் அதில் இருந்த ஹார்ட் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. அதைக் கழற்றி ஒரு யூஎஸ்பி கேசிங்கில் போட்டுப் புது லேப்டாப்பில் செருகுகிறோம். வேண்டிய போட்டோக்களை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிட்டால் பேக்கப் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம் என்று பழைய விண்டோஸ் ஃபோல்டரில் டெலீட் கொடுத்தால், 'ஃபோல்டர் ஆக்சஸ் டினைட்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. கன்டின்யூ அழுத்தினால் இன்னொரு பெட்டி. ட்ரை அகெய்ன் அழுத்தினால் அதே பெட்டி மறுபடியும். இந்தக் கட்டத்தில் நிறையப் பேர் டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அங்கே 'ஃபார்மட் பண்ணிடலாம் சார்' என்றதும் சரி என்று சொல்லிவிடுகிறார்கள், எடுக்காமல் விட்ட போட்டோக்களும் அதோடு போய்விடுகின்றன. எனக்கு இது ரொம்பவே வருத்தமான விஷயம், ஏனென்றால் அந்த டிஸ்க்கில் கோளாறு எதுவுமே இல்லை. வந்தது ஒரு அனுமதிப் பிரச்சினை, அவ்வளவுதான். அதை வீட்டிலேயே உட்கார்ந்து சரிசெய்துவிடலாம்.

முதலில் அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுசாகப் படியுங்கள். எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தாலும் சொல்லும் சேதி வேறு வேறு. இன்னாரிடம் பெர்மிஷன் வாங்க வேண்டும் என்று இருந்தால் அது உரிமைப் பிரச்சினை. ஃபைல் இன்னொரு புரோகிராமில் திறந்திருக்கிறது என்று இருந்தால் உரிமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அங்கே போய் பெர்மிஷனை எத்தனை முறை மாற்றினாலும் பிரயோஜனம் கிடையாது. அப்படி ஒரு ஃபைலே இங்கே இல்லை என்று சொன்னால், பெரும்பாலும் பெயரின் கடைசியில் ஒரு இடைவெளியோ புள்ளியோ ஒட்டிக்கொண்டிருக்கும்.

உரிமைப் பிரச்சினையில்தான் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள், அதனால் அதை விரிவாகவே சொல்கிறேன். பழைய லேப்டாப்பில் நீங்கள் குமார், புது லேப்டாப்பிலும் குமார், பாஸ்வேர்டுகூட அதேதான். பிறகு ஏன் விட மாட்டேன் என்கிறது? விண்டோஸ் பெயரைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு கணக்கும் உருவாகும்போது அதற்கு எஸ்ஐடி என்று ஒரு நீளமான எண் கிடைக்கிறது. சாதாரண லோக்கல் கணக்கு என்றால் எஸ்-1-5-21 என்று தொடங்கும், நடுவில் அந்தக் கம்ப்யூட்டருக்கே உரிய மூன்று பெரிய எண்கள், கடைசியில் 1001 மாதிரி ஒரு வரிசை எண். என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாக டிஸ்க்கில் ஃபைல்களை எழுதி வைக்கும் முறை) டிஸ்க்கில் ஒவ்வொரு ஃபைலோடும் ஓனர் யார், யார் யாருக்கு என்னென்ன அனுமதி என்று எழுதி வைத்திருப்பது இந்த எண்ணை வைத்துத்தான். ஊரில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தாலும் ஆதார் எண் ஆளுக்கு ஒன்று என்பது போல, பழைய குமாரும் புதுக் குமாரும் விண்டோஸுக்கு வேறு வேறு ஆட்கள். பழைய ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸில் செக்யூரிட்டி டேப்பைத் திறந்து பாருங்கள், 'அக்கவுன்ட் அன்னோன்' என்று போட்டு, பக்கத்தில் அந்த நீண்ட எண்ணும் ஒரு கேள்விக்குறி படமும் இருக்கும். அதுதான் பழைய நீங்கள்.

பென் டிரைவில் இந்தத் தொல்லை வராததற்குக் காரணமும் இதுதான். அவை பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும், அந்த முறைகளில் ஓனர் என்ற விவரத்தை எழுதி வைக்கவே இடம் கிடையாது.

சில பழைய ஃபோல்டர்கள் மட்டும் கன்டின்யூ அழுத்தியதும் திறந்துவிடும். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்ற குழுவுக்கு எந்த விண்டோஸிலும் ஒரே எண்தான், எஸ்-1-5-32-544. பழைய ஃபோல்டரில் அந்தக் குழுவுக்கு அனுமதி இருந்து, நீங்களும் இந்தக் கம்ப்யூட்டரில் அட்மின் என்றால், கன்டின்யூ அழுத்தும்போது விண்டோஸ் உங்கள் புதுக் கணக்கையும் அந்த ஃபோல்டரின் பட்டியலில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்கிறது. உள்ளே நிறைய ஃபைல் இருந்தால் பச்சைக் கோடு மெதுவாக நகரும், பொறுமையாக விட்டுவிடுங்கள், பாதியில் நிறுத்தினால் பாதிக்கு மட்டும்தான் அனுமதி கிடைத்திருக்கும்.

அதுவும் வேலை செய்யவில்லை என்றால் ஓனர்ஷிப்பை எடுக்க வேண்டும். இங்கே முக்கால்வாசிப் பேர் தவறவிடுவது ஒன்று உண்டு: ஓனர் ஆகிவிட்டாலே அழிக்கும் அனுமதி வந்துவிடாது. ஓனருக்குத் தானாகக் கிடைப்பது பெர்மிஷன் பட்டியலைத் திருத்தும் உரிமைதான். அதனால் வேலை இரண்டு கட்டம், முதலில் ஓனர் ஆவது, அப்புறம் ஓனர் என்ற முறையில் நமக்கு நாமே ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துக்கொள்வது. முதல் கட்டத்தோடு நிறுத்திவிட்டு 'ஓனர்ஷிப் எடுத்தும் டெலீட் ஆகலை' என்று கேட்பவர்கள் ஏராளம்.

செக்யூரிட்டி டேப்பில் அட்வான்ஸ்டு அழுத்துங்கள். மேலே ஓனர் என்ற வரியில் அந்த எண்ணோ, ஓனரைக் காட்ட முடியவில்லை என்ற வாசகமோ இருக்கும், பக்கத்தில் சேஞ்ச். அதை அழுத்தி உங்கள் யூசர் பெயரைக் கொடுத்து செக் நேம்ஸ் அழுத்துங்கள் (மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே வருபவர் என்றால் முழு ஈமெயில் முகவரியையே கொடுக்கலாம்). ஓகே கொடுத்ததும் ஓனர் வரிக்குக் கீழே புதிதாக ஒரு டிக் பெட்டி முளைக்கும், உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் ஓனரை மாற்றவா என்று. அதை டிக் செய்து அப்ளை கொடுங்கள். இப்போது விண்டோஸே ஒரு சேதி காட்டும்: ஓனர்ஷிப் எடுத்தாயிற்று, பெர்மிஷனை மாற்ற வேண்டுமானால் ப்ராபர்ட்டீஸை மூடிவிட்டுத் திரும்பத் திறக்க வேண்டும் என்று. படிக்காமல் ஓகே தட்டிவிட்டு அதே ஜன்னலில் மல்லுக்கட்டாதீர்கள், அது சொல்கிறபடி எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி அட்வான்ஸ்டு வரை வாருங்கள். இப்போது ஆட் அழுத்தி உங்கள் பெயர், ஃபுல் கன்ட்ரோல், ஓகே. அடியில் சைல்ட் ஆப்ஜெக்ட் பெர்மிஷன்களை எல்லாம் மாற்று என்ற டிக்கையும் போட்டு அப்ளை. இதற்குப் பிறகு பெரும்பாலும் டெலீட் ஆகிவிடும்.

கமாண்ட் ப்ராம்ப்ட் பழகியவர்களுக்கு இதே இரண்டு கட்டத்துக்கும் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன, டேக்ஓன், ஐகேக்ல்ஸ். முதலாவது ஓனர் ஆக்கும், இரண்டாவது அனுமதி கொடுக்கும். உள்ளே உள்ளவற்றுக்கும் சேர்த்து என்று சொல்ல டேக்ஓனுக்கு ஸ்லாஷ் ஆர், ஐகேக்ல்ஸுக்கு ஸ்லாஷ் டி (டைகரில் வரும் டி). ப்ராம்ப்டை ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று திறக்க வேண்டும், பாதையில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும். என்டர் தட்டுவதற்கு முன்னால் டிரைவ் எழுத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள். வெளி டிஸ்க்குக்குப் போக வேண்டிய கட்டளை சி டிரைவ் மேல் ஓடினால் விண்டோஸின் பெர்மிஷன் மொத்தமும் குழம்பிவிடும், அதை ஒவ்வொன்றாகப் பழையபடி ஆக்க நடைமுறையில் வழி கிடையாது. சி டிரைவ் முழுவதற்கும் எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துவிடுங்கள் என்று யூடியூபில் யாராவது சொன்னால் அந்த வீடியோவை அங்கேயே மூடிவிடுங்கள்.

டிரஸ்டட் இன்ஸ்டாலரிடம் (விண்டோஸின் உள்ளேயே இருக்கும் ஒரு சேவை) அனுமதி வாங்கு என்று வந்தால், என்ன செய்யலாம் என்பது அந்த ஃபைல் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸின் சொந்த ஃபைல்களுக்கு அந்தச் சேவைதான் ஓனர், அட்மினுக்கே அவற்றை மாற்ற அனுமதி கிடையாது. செத்துப்போன பழைய விண்டோஸ் என்றால் தாராளமாக மேலே சொன்ன முறையில் எடுத்து அழிக்கலாம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் என்றால் கை வைக்காதீர்கள். அப்கிரேடு செய்தபின் சி டிரைவில் உட்கார்ந்திருக்கும் 'விண்டோஸ் டாட் ஓல்ட்' ஃபோல்டருக்கு இந்தக் குஸ்தியே தேவையில்லை, செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் பழைய விண்டோஸ் இன்ஸ்டலேஷன் என்ற டிக் இருக்கும். சும்மா விட்டாலும் வழக்கமாக 10 நாளில் தானாகப் போய்விடும்.

இன்னொன்று, டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ், அப்ளிகேஷன் டேட்டா மாதிரியான பெயர்களில் மங்கலாகத் தெரிபவை ஃபோல்டரே இல்லை. பழைய எக்ஸ்பி காலத்துப் புரோகிராம்களுக்காக வைத்த குறுக்குவழிகள் அவை, உள்ளே பார்க்க எல்லாருக்குமே தடை போட்டிருக்கும். அந்தத் தடை வேண்டுமென்றே வைத்தது: யூசர் ஃபோல்டரில் உள்ள ஆப்டேட்டாவின் லோக்கல் ஃபோல்டருக்குள் இருக்கும் அப்ளிகேஷன் டேட்டா அந்த லோக்கலையே திரும்பக் காட்டுகிறது, தடையை எடுத்தால் காப்பி செய்யும் புரோகிராம் உள்ளே உள்ளே என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஃபைல் திறந்திருப்பதால் அழிய மறுத்தால், எது பிடித்து வைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தாலே போதும். ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து சிபியூ டேப்பில் அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் பகுதியில் ஃபைல் பெயரைத் தேடினால் புரோகிராமின் பெயர் வந்துவிடும். மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் என்ற கருவித் தொகுப்பைப் போட்டிருந்தால் அதில் உள்ள ஃபைல் லாக்ஸ்மித் ரைட் கிளிக்கிலேயே காட்டும். வீடியோ ஃபைல் என்றால் பல நேரம் எக்ஸ்ப்ளோரரின் பிரிவ்யூ பேன்தான் பிடித்திருக்கும், ஆல்ட் பி அழுத்தி அதை மூடிப் பாருங்கள். அன்லாக்கர் என்ற பெயரில் எங்கெங்கோ கிடைப்பவற்றை இறக்கிப் போடாதீர்கள், வேண்டாத விளம்பரப் புரோகிராம்கள் ஒட்டிக்கொண்டு வரும்.

லினக்ஸில் இதே டிஸ்க்கைச் செருகி அழிக்கலாம் என்று சிலர் சொல்வது உண்மைதான், என்டிஎஃப்எஸ்ஸின் அனுமதிப் பட்டியலை அது சாதாரணமாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (அடுத்த முறை சீக்கிரம் திறக்க வைக்கும் வசதி) ஆனில் இருக்கும்போது மூடிய விண்டோஸ் டிஸ்க் என்றால் படிக்க மட்டும்தான் விடும்.

கடைசியாக, அழிப்பதற்கு முன் ஒரு சோதனை. பழைய லேப்டாப்பில் விண்டோஸ் ப்ரோ இருந்து, யாராவது ஃபைல்களை என்கிரிப்ட் செய்து (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி) வைத்திருந்தால், ஐகான் ஓரத்தில் சின்னப் பூட்டு தெரியும். ஃபுல் கன்ட்ரோல் கொடுத்த பிறகும் அந்த ஃபைல்கள் திறக்காது, காப்பி ஆகாது, ஆனால் டெலீட் மட்டும் ஆகிவிடும். அந்தச் சாவியைத் தனி ஃபைலாக முன்பே எடுத்து வைத்த சான்றிதழ் கையில் இல்லை என்றால், அவற்றைத் திறக்கும் சாவி இருப்பது நீங்கள் அழிக்கப்போகும் அதே பழைய யூசர் ஃபோல்டரின் ஆப்டேட்டாவுக்குள்தான், பழைய பாஸ்வேர்டு தெரிந்தால் அதை வைத்து மீட்க வாய்ப்பு இருக்கிறது. பூட்டுப் படம் ஒன்று கண்ணில் பட்டாலும் அந்த ஒரு யூசர் ஃபோல்டரை அப்படியே விட்டுவிட்டு மற்றதை அழியுங்கள்.