வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு

குடியாத்தம் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். வாரம் முழுக்க நடத்தியதை வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பிள்ளைகளே பேசிக் காட்ட வேண்டும். நோட்டைப் பார்க்கக் கூடாது.

இந்த வாரம் பாஸ்ட் பர்ஃபெக்ட். முதலில் முடிந்த செயலுக்கு 'ஹேட்' போடணும் என்று விதியை மட்டும் சொன்னால் தலையாட்டுவார்கள், மறுநாள் மறந்துபோகும். அதனால் வேலூர்க் கோட்டையைக் கையில் எடுத்தோம். புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, தாடிக்குத் தடை என்று அங்கிருந்த ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்களுக்குக் கோபம் முன்பே மூண்டிருந்தது. 1806 ஜூலை 10 விடியுமுன் கிளர்ந்தெழுந்தார்கள். கோட்டையில் திப்புவின் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே கோட்டையை மீட்டார். எது முன்பு, எது பின்பு? கரும்பலகையில் நீளமாகக் கோடு இழுத்து வரிசைப்படுத்தினோம்.

கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பெண் ஒருத்தி. அவள் அம்மா தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே எழுந்தாள். "வென் கில்லெஸ்பி கேம், த சிப்பாய்ஸ் ஹேட்..." நின்றுவிட்டாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. "...ஆல்ரெடி ரெய்ஸ்ட் த ஃப்ளாக், மிஸ்!" அந்த 'ஆல்ரெடி' நான் சொல்லித் தந்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பேசும்போது நடுவில் நிறுத்தித் திருத்தக் கூடாது என்பதில் நான் பிடிவாதம். முழுசாகச் சொல்லட்டும், திருத்தத்துக்குத் திங்கட்கிழமை இருக்கிறது.

அடுத்து பாஸிவ் வாய்ஸ். குடியாத்தம் திருவிழாவில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலமாக எடுத்து வரப்படுவதைச் சொல்கிறோம் மிஸ் என்று பசங்களே கேட்டார்கள். சரி என்றுவிட்டேன்.