அமிர்தியில் இல்லாத கரடி

அமிர்தி பூங்கா வாசலில் டிக்கெட் வாங்கும்போதே என் மகள் கேட்டுவிட்டாள். "அங்கிள், உள்ள கரடி இருக்கா? ஓநாய் இருக்கா?"

கவுண்டரில் இருந்தவர் சில்லறையை எண்ணிக்கொண்டே, "கூண்டுல இல்ல பாப்பா" என்றார். பிறகு கட்டைவிரலால் தன் முதுகுக்குப் பின்னால் காட்டினார். "கரடி அங்க இருக்கு." அந்தப் பக்கம் ஜவ்வாது மலை.

பங்குனி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. வேலூரிலிருந்து அமிர்திக்கு 25 கிலோமீட்டர்தான். அடுக்கம்பாறை, கணியம்பாடி என்று போய் மலையடிவாரத்தைப் பிடித்தால் வெயிலின் குணமே கொஞ்சம் மாறும். 1967இல் தொடங்கிய சின்னப் பூங்கா, 25 ஹெக்டேர். எங்கள் தலைமுறையில் வேலூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் இதுதான். அஞ்சாவது படிக்கும்போது புளிசோற்று டப்பாவோடு நானும் வந்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்த அருவியை மகளுக்குக் காட்டலாம் என்றுதான் கூட்டிப் போனேன். பங்குனியில் அருவி ஏது? பாறையில் தண்ணீர் இறங்கிய தடம் மட்டும் கறுப்பாக இருந்தது. அடியில் ஒரு குட்டை, அதில் நான்கு தவளைக் குஞ்சுகள். புள்ளிமான்கள் நிழலைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டோம். மகள் முகம் தொங்கிப்போனது.

சரி, மாமா வீட்டுக்குப் போகலாம் என்று வண்டியைத் திருப்பினேன். அம்மாவின் தம்பி. அமிர்திக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு சின்ன ஊரில் கொல்லையும் ஒரு கிணறும் வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"இன்னா பாப்பா, கரடிய கூண்டுல பாக்கணுமா? தோ, இந்த மலையிலதான் கீது. அது வூட்டுக்கு நீ போவாத, உன் வூட்டுக்கு அது வராது."

மாமா பேச்சில் எது நிஜம், எது சரக்கு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "மாமா கரடி விடுறாரு" என்று நான் மகள் காதில் சொன்னேன். அவருக்கும் கேட்டுவிட்டது. "இருந்துட்டுப் போ ராத்திரி. காலைல காட்றேன்" என்றார்.

மறுநாள் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் கிளம்பவிட்டார். விடியற்காலையிலும் மாலை மங்கலிலும் மலையோரம் தனியாகப் போவதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் பழக்கம். கரடிக்குக் கண்பார்வை அவ்வளவு கூர்மை இல்லை. மோப்பம் பலம். ஆனால் காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் ஆள் பக்கத்தில் வரும்வரை அதற்குத் தெரியாது. திடீரென்று கண்டால் பயந்து மேலே விழும், நகம் முகத்துக்குத்தான் வரும். அதனால் மாமா வழியெல்லாம் உரக்கப் பேசிக்கொண்டே வந்தார். பாதி பேச்சு கடலை விலை பற்றி.

முதலில் ஓர் இலுப்பை மரத்தடி. இரவில் உதிர்ந்த பூ தரையெல்லாம் கிடந்தது. வெளிர்மஞ்சளில், உள்ளே கூடாக, உருட்டிய பசைமாவுபோல ஒவ்வொன்றும். மகள் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "இனிப்பா இருக்கு, ஆனா ஒரு மாதிரி வாசனை" என்றாள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்ற பழமொழியைப் படித்திருக்கிறாளே தவிர, பூவைத் தின்றதில்லை. நானும்தான். இந்தப் பூ உதிரும் நாட்களில் கரடி இரவோடு இரவாக வந்து பொறுக்கிவிட்டுப் போகும். பொறுக்கப் போகிற பெண்களும் கரடியும் ஒரே மரத்தடிக்கு ஒரே நேரத்தில் வந்துவிடுவதுதான் ஆபத்து.

அங்கிருந்து நூறு அடியில் அந்தப் புற்று. என் இடுப்பு உயரம் இருக்கும். ஒரு பக்கம் முழுக்க உடைத்துத் தோண்டியிருந்தது. குழிக்குள் கையை விட்டால் முழங்கைக்கும் மேலே போனது. தோண்டிய மண் ஒரே பக்கமாகப் பின்னால் சிதறிக் கிடந்தது. உடையாத பக்கத்தில் நான்கைந்து கோடுகள், சின்னக் கொத்தால் இழுத்ததுபோல, ஒரே இடைவெளியில். புற்று மண் பங்குனியில் சிமெண்டு மாதிரி இருக்கும். நான் சாவியால் கீறிப் பார்த்தேன், தூள்கூட வரவில்லை.

"மொதல்ல ஊதும், மண்ணு பறக்கும். அப்பால உறிஞ்சும்" என்றார் மாமா. இது அவர் சரக்கு இல்லை. நம் ஊர்க் கரடிக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு கிடையாது. அந்த இடைவெளியும் நீண்ட உதடும் சேர்ந்து குழாய் மாதிரி ஆகிவிடும். மூக்குத் துவாரத்தை நினைத்தால் மூடிக்கொள்ளும், அதனால் மண் உள்ளே போகாது. கறையான் எல்லாம் அந்தக் குழாய் வழியாகத்தான் உள்ளே போகிறது. சத்தம் எப்படி இருக்கும் என்று மகள் கேட்டதற்கு மாமா யோசித்துவிட்டுச் சொன்னார்: "கெணத்துல தண்ணி வத்தி மோட்டார் காத்த இழுக்கும் பாரு, அப்டி."

திரும்பும் வழியில் கரடியின் எச்சமும் கிடைத்தது. காய்ந்திருந்தது. குச்சியால் கிளறினால் வழவழவென்று கொன்றை விதைகள். மகள் நாற்பது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டாள்.

கரடியோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. என் அரைஞாண் கயிற்றில் சின்ன வயதில் ஒரு தாயத்து இருந்தது. வேலூரில் எங்கள் தெருவுக்கு மூக்கில் கயிறு கோத்த கரடியை ஓட்டிக்கொண்டு ஒருவர் வருவார். நான் இரவில் அலறுகிறேன் என்று ஆயா அவரிடம் காசு கொடுத்துக் கரடி முடி வாங்கித் தாயத்தில் அடைத்துக் கட்டினாள். பயம் போனதா தெரியாது. அந்தக் கரடியின் மூக்கில் கயிறு போன இடம் ஈரமாக இருந்தது மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இலேயே வந்துவிட்டது என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. நான் பார்த்தது அதற்குப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து. அப்படிக் கயிறு கட்டி ஓட்டியவர்களிடமிருந்து மீட்ட கரடிகளை வைத்துப் பராமரிக்கும் மையம் ஒன்று பெங்களூர் பக்கம் பன்னேர்கட்டாவில் இருக்கிறது. அங்கே போக எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

மகளுக்கோ நேரில் பார்த்தே ஆகவேண்டும். மே மாதம், வேலூர் வெயில் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நாளில், வண்டலூருக்குக் கிளம்பினோம். காஞ்சிபுரம், வாலாஜாபாத், ஒரகடம் வழியாகச் சுமார் 120 கிலோமீட்டர். வாசலில் போய் நின்றால் கேட் மூடியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை. வண்டலூருக்குச் செவ்வாய் விடுமுறை என்பது சென்னையில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் கஷ்டம். தாம்பரத்தில் சித்தப்பா வீட்டில் ராத்தங்கி, புதன்கிழமை காலை கேட் திறக்கும்போதே நின்றோம்.

பூங்காவைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. 1855இல் மெட்ராசில் தொடங்கியது, 1985இல் வண்டலூருக்கு வந்தது, 602 ஹெக்டேர், நடந்தால் கால் போய்விடும். நேராகக் கரடிக்குப் போனோம்.

கோடையில் கரடிக்குப் பழங்களை வைத்து உறைய வைத்த ஐஸ் கட்டி கொடுப்பார்கள் என்று செய்தியில் பார்த்திருந்தேன். அன்றைக்கு எங்கள் அதிர்ஷ்டம், கொடுத்தார்கள். வாளி அளவு கட்டி, உள்ளே தர்பூசணியும் வாழைப்பழமும் தெரிகிறது. கரடி அதை உடைக்கும் என்று நினைத்தோம். உடைக்கவில்லை. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தது. நீண்ட நகங்கள் ஐஸில் டக் டக் என்று தட்டின. கொஞ்சம் நக்கியது. அப்புறம் கட்டியைத் தரையில் தள்ளி, அதன்மேல் வயிற்றை வைத்துப் படுத்துவிட்டது! பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா, "எங்க வீட்டுக்காரர் சிமெண்டுத் தரையில படுக்கிற மாதிரியே" என்றார். பத்து நிமிடம் கழித்துக் கட்டி பாதியானதும்தான் பழத்துக்கு வந்தது. அதுவும் உதட்டை நீட்டி, உறிஞ்சி. மகள் கம்பி ஓரம் காதைக் கொடுத்துக் கேட்டாள். கூட்டத்தின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. நான் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துளை எதுவும் இல்லை.

கரடி குளிர்காலம் முழுக்கத் தூங்கும் என்று அவள் பாடப்புத்தகத்தில் இருக்கிறதாம். நம் கரடி தூங்காது. அது குளிர்தேசத்துக் கரடியின் வேலை. இங்கே மாசி பங்குனியில் கொன்றையும் இலுப்பையும், வைகாசியில் ஈச்சம்பழமும் மலைமேல் பலாவும், ஆனி ஆடியில் நாவல், மழை விழுந்ததும் புற்று மண் இளகிக் கறையான், தையில் இலந்தை என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும்போது எதற்குத் தூங்கவேண்டும்? பெண் கரடி மட்டும் குட்டி போடும் மார்கழி வாக்கில் பாறைக் குகைக்குள் அடங்கிவிடும். வெளியே வரும்போது முதுகில் ஒன்றோ இரண்டோ சவாரி செய்யும். கரடிகளில் குட்டியை இப்படி வழக்கமாக முதுகில் சுமப்பது இந்த இனம் மட்டும்தான்.

ஓநாய் அடைப்பில் முதலில் யாருமே இல்லை. காத்திருந்தோம். மதியம் மூன்று மணிக்கு வானம் இருட்டிக் கோடை மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஓடிவிட்டார்கள். எங்களிடம் ஒரு குடை இருந்தது. அப்போதுதான் புதருக்குப் பின்னாலிருந்து ஒன்று வந்தது. நான் நினைத்ததில் பாதிதான் இருந்தது. நெட்டைக் கால், ஒடுங்கிய இடுப்பு, கோடையில் முடி கொட்டிப் போன மேல், காய்ந்த புல்லின் நிறம். மழையில் நின்று முகத்தை மேலே தூக்கியது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுதாம்" என்றேன். மகள் என்னை முறைத்தாள். "அப்பா, இங்க ஆடே இல்ல. ஓநாய்தான் நனையுது."

நியாயம்தான். மாமாவே மலைப்பக்கம் ஓநாயைப் பார்த்ததில்லை. நரி ஊளை கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஓநாய் கேட்பது அடர்ந்த காடு இல்லை. புல்வெளி, முள்காடு, ஆடு மேய்கிற பொட்டல். நம் கண்ணுக்கு அதெல்லாம் காலியாகக் கிடக்கிற நிலம், பிளாட் போடலாம். கரடிக்கு மலை என்று ஒன்று மிச்சம் இருக்கிறது. ஓநாய்க்கு அதுவும் இல்லை. இந்தியா முழுக்க மிஞ்சியிருப்பது சுமார் மூவாயிரம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது பயணம் கார்த்திகையில். திருவண்ணாமலை தீபக் கூட்டம் அடங்கட்டும் என்று ஒரு வாரம் விட்டுத்தான் போனோம், இல்லாவிட்டால் கணியம்பாடி சாலையில் வண்டி நகராது. அமிர்தி அடையாளம் தெரியவில்லை. பங்குனியில் கறுப்புத் தடமாக இருந்த பாறையில் தண்ணீர் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. பாறைக்குப் பாறை பாசி, வழுக்கல். கடா மானின் கொம்புகளில் ரோமத்தோல் மூடியிருந்தது, இளங்கொம்பு. பங்குனியில் படுத்தே கிடந்த கூட்டம் இப்போது வேலி ஓரம் வந்து நின்றது. டிக்கெட் கவுண்டரில் மகள் கரடியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

இரவு மாமா வீடு. அத்தை கேழ்வரகுக் களியும் முள்ளுக்கத்தரிக்காய்க் குழம்பும் செய்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிக் குவித்திருந்தது, காவலுக்கு மாமா டார்ச்சோடு இருந்தார். பன்றிக்குத்தான் பயம் என்றார். ஊரே இருட்டு. தவளைச் சத்தம் ஒன்றுதான்.

மலைப்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஹூஃப், ஹூஃப் என்று ஊதி, பிறகு நீளமாக இழுத்து. நின்றது. மறுபடி வந்தது. மகள் என் கையைப் பிடித்தாள்.

"பக்கத்துக் கொல்லைல மோட்டார் காத்து இழுக்குதுமா" என்றார் மாமா, ரொம்ப நிதானமாக.

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அத்தை அங்கிருந்தே கேட்டாள். "கெணறெல்லாம் தளும்புது. சாயந்தரம் போன கரண்டு இன்னும் வரல. எந்த மோட்டாருய்யா ஓடுது?"

மாமா பதில் சொல்லவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்து, "பாப்பா, உள்ள வந்து படு" என்றார்.