டிசம்பரில் விழுந்த பனி

காஷ்மீரின் குல்மார்க்கில் இரண்டு குளிர்காலம் வேலை பார்த்தேன். அபர்வாட் மலையின் திறந்த சரிவுகளுக்குப் பனிச்சறுக்க வருபவர்களைக் கூட்டிப்போகும் ஒரு குழு அது. தினமும் பனியைச் சோதித்துக் குறித்து வைப்பது என் பொறுப்பு. கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். எல்லைக் கயிற்றுக்கு உள்ளே இருப்பதை ரோந்துக் குழு கவனித்துக்கொள்ளும். கயிற்றைத் தாண்டினால் நம் பாடு.

புதிதாகக் கொட்டிய பனிதான் சரிந்து ஆளை மூடும் என்று அங்கே போகும்வரை நினைத்திருந்தேன். குழி தோண்டிப் பார்த்த பிறகுதான் கண் திறந்தது. சீசன் தொடக்கத்தில் மெல்லியதாகக் கொஞ்சம் பனி விழும். அப்புறம் பல நாள் வானம் மேகமில்லாமல் வெளுத்துக் கிடக்கும். காஷ்மீரிகள் சில்லைக் கலான் என்று சொல்லும் நாற்பது நாள் கடுங்குளிர் டிசம்பர் 21-இல் தொடங்கும். அடிப்பனி பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியும் மேற்பனி அதைவிட வெகுவாகக் குளிர்ந்தும் இருக்கும். 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால், உள்ளேயே ஆவி மேலேறி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்களாகிவிடும். அள்ளினால் சீனி மாதிரி விரலிடுக்கில் வழியும். ஜனவரியில் கொட்டும் பெரும்பனி, காற்றில் பலகைபோல இறுகி அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அடியில் அந்தச் சீனி அடுக்கு நொறுங்கினால் மேலிருக்கும் பலகை சரிந்துவிடும்.

முதல் வருஷம் ஜனவரிக் கடைசியில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் பளீரென்று வெயில். மேலே வந்த எல்லார் முகத்திலும் அவசரம். நான் 30 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பனித்தூண் வெட்டி, உச்சியில் ஷவலை வைத்துத் தட்டினேன். மணிக்கட்டை அசைத்துப் பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்பது கணக்கு. பதின்மூன்றாவது தட்டிலேயே, சரியாக அந்தச் சீனி அடுக்கில், தூண் வழுக்கி முன்னால் வந்தது. சரிவு 36 டிகிரி. பலகைபோல இறுகிய பனி பெயர்ந்து விழுவது பெரும்பாலும் 30-க்கும் 45-க்கும் இடைப்பட்ட சாய்வில்தான்.

எனக்கு இன்னும் தயக்கம். வந்தவர்கள் ஒரு வருஷம் காத்திருந்து வந்தவர்கள். பக்கத்துச் சமதளத்தில் இரண்டு அடி எடுத்து வைத்தேன். "வும்" என்று காலடியில் ஒரு சத்தம். அடியில் சீனி அடுக்கு நொறுங்கி, பனி முழுக்க ஒரு விரற்கடை இறங்கியது. எங்கள் வழிகாட்டி சாச்சா என்னைப் பார்த்தார். "பேட்டா, மலை பேசிவிட்டது. கீழே போகலாம்."

நாங்கள் திரும்பும்போது வேறொரு குழு அதே சரிவில் இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. ஆறு பேரும் சிரித்துக்கொண்டே கீழே போய்ச் சேர்ந்தார்கள். எங்களோடு வந்தவர்கள் அன்று இரவு என்னிடம் சரியாகப் பேசவில்லை.

அந்த வேலையில் என்னை அதிகம் வாட்டியது இதுதான். ஆபத்தான சரிவு பல முறை ஆளைச் சும்மா விட்டுவிடும். சும்மா விட்ட ஒவ்வொரு முறையும், சறுக்கியவருக்குத் தன் கணிப்பு சரி என்று தோன்றும். புதைந்தவரை முதல் 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் உயிரோடு எடுக்கலாம். அரை மணி தாண்டினால் அந்த நம்பிக்கை வேகமாகக் கரைந்துவிடும். கூட இருப்பவர்தான் தோண்டியாக வேண்டும். கீழிருந்து உதவி வந்து சேர அந்த நேரம் போதாது.

மறுநாள் காலை சாச்சா வழக்கம்போல வாசலில் நின்று ஒவ்வொருவர் பீக்கனையும், அதாவது பனியில் புதைந்தால் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவியையும், சோதித்தார். கோபமாக இருந்தவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள். அன்று 25 டிகிரிக்கும் குறைவான காட்டுச் சரிவுக்குப் போனோம்.