அட்டையில்லாத மாயாவி

டிசம்பர் 29, 2024, ஞாயிறு

போகிக்கு இன்னும் பதினைந்து நாள். அதற்குள் லாஃப்ட் காலியாக வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. ஸ்டூல் போட்டு ஏறினேன். ஓடாத மிக்ஸி, கொலுப் படிப் பலகைகள், யாருடையது என்றே தெரியாத ஒரு ஹெல்மெட். எல்லாவற்றுக்கும் பின்னால் அப்பாவின் டிரங்குப் பெட்டி. அயனாவரத்தில் இருந்து கொளத்தூருக்கு வீடு மாறியபோது வந்தது. அதற்கப்புறம் யாரும் திறந்ததாக ஞாபகம் இல்லை.

மேலே எல்.ஐ.சி. ரசீதுகள், ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலைச் சம்பளச் சீட்டுகள். அடியில், பழைய தந்திப் பேப்பரில் சுற்றிச் சணல் கட்டிய ஒரு பொட்டலம். பிரித்ததும் மூன்று தும்மல், அப்புறம்தான் கண் தெரிந்தது. காமிக்ஸ்! ராணி காமிக்ஸ் நாலு, எல்லாம் ஜேம்ஸ்பாண்ட். லயன் மூன்று. பூந்தளிர் இரண்டு. அம்புலிமாமா ஒன்று. பதினோராவதாக அட்டையே இல்லாத ஒன்று.

அந்தப் பதினோராவதை எடுத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரும்புக்கை மாயாவி கதை, கரண்ட் ஷாக் வாங்கினால் இரும்புக்கை மட்டும் தெரிய, ஆள் மறைந்துவிடுவார். முன்னட்டை, பின்னட்டை கிடையாது. அதற்கு அடுத்த தாளும் கிடையாது. நடுவில் பின் அடித்த புத்தகத்தில் இது ஒரு கொடுமை. வெளித்தாள் ஒன்று கழன்றால் ஆரம்பமும் முடிவும் சேர்ந்தே போய்விடும், இரண்டும் ஒரே தாள்தானே. அதனால் இந்தக் கதை எப்படித் தொடங்கியது, எப்படி முடிந்தது, பெயர் என்ன, ஒன்றும் எனக்குத் தெரியாது. நாற்பது வருஷமாகத் தெரியாது.

கடைசியாக இருக்கும் கட்டத்தில் மாயாவி ஒரு மின்சார அறையில் நிற்கிறார். இரும்புக்கை கேபிளை நோக்கி நீள்கிறது. கதவுக்கு வெளியே பூட்ஸ் கால்கள். அவ்வளவுதான், அடுத்த பக்கம் இல்லை.

நடுப்பக்கத்தில் பின் இரண்டும் இன்னும் கெட்டியாக இருக்கின்றன. ஒன்றின் கால் மட்டும் சரியாக மடியாமல் கோணிக்கொண்டு நிற்கிறது. விரலில் குத்திவிட்டது. டி.டி. ஊசி போடணுமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

டிசம்பர் 31, செவ்வாய்

அந்த மாயாவி வந்தது மூர் மார்க்கெட்டில் இருந்து. சம்பளம் வந்த வாரத்தில் ஒரு ஞாயிறு அப்பா என்னையும் அக்காவையும் கூட்டிப்போவார். பெரம்பூரில் மின்சார ரயில், வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ், சென்ட்ரல். இறங்கினால் பக்கத்திலேயே அந்தச் சிவப்புக் கட்டடம். கிளி, முயல், கிராமபோன் தட்டு, பூதக்கண்ணாடி, எல்லாவற்றுக்கும் நடுவே பழைய புத்தகக் கடைகள். அப்பா ரேடியோ மெக்கானிசம் புத்தகம் தேடுவார். எங்களுக்கு ஆளுக்கு ஒரு காமிக்ஸ், பேரம் பேசாமல் எடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம், ஏனென்றால் பேரத்தை அவரே பேசுவார்.

1985 மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. அப்பா மறுநாள் பேப்பரை எங்களுக்குக் காட்டாமல் மடித்து வைத்துவிட்டார், அம்மா காட்டிவிட்டாள்.

புதுப் புத்தகம் என்றால் தெருமுனைப் பெட்டிக்கடை. வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் சணல் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும். 1984-இல் ராணி காமிக்ஸும் லயன் காமிக்ஸும் ஒரே சமயத்தில் வந்து இறங்கியபோது கடைக்காரர் இரண்டாவது கயிறு கட்டினார். ராணி ஒன்றரை ரூபாய். ஒன்றரை ரூபாய்க்குப் பாண்ட் கிடைக்கும் என்றால் யார் விடுவார்கள்? ஆனால் லயன் வாங்கினவனுக்குத் தெருவில் மரியாதை அதிகம். ஏன் என்று கேட்டால் அப்போதும் பதில் கிடையாது, ஸ்பைடர் என்ற ஒற்றைச் சொல்தான். லயனில் வந்த நாயகன், ஸ்பைடர்மேன் வேறு.

ஜனவரி 1, 2025, புதன்

அக்காவுக்குப் போன் போட்டேன், குரோம்பேட்டைக்கு. வாழ்த்தெல்லாம் முடிந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"அட்டையில்லாத மாயாவி கிடைச்சிருக்குக்கா."

ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம், "அதை இன்னுமா வச்சிருந்தார் அப்பா?" என்றாள்.

"முடிவு சொல்லுவியே, ஞாபகம் இருக்கா?"

"அடுப்புல பால் வச்சிருக்கேன்டா, அப்புறம் பேசறேன்."

அந்த முடிவுகளைப் பற்றி எழுதியாக வேண்டும். கடைசிப் பக்கம் இல்லாத கதையை அக்காதான் முடித்துவைப்பாள். சும்மா அல்ல. எனக்குக் கிடைக்கும் கடலை மிட்டாயில் பாதி. ராத்திரி விளக்கணைத்த பிறகு, பாயில் படுத்துக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்காத குரலில். ஒருநாள் மாயாவி கேபிளைத் தொட்டு மறைந்து பூட்ஸ்காரர்களைப் பின்னிவிடுவார். இன்னொரு நாள் கதவைத் திறந்து வருவது அவருடைய சொந்தத் தம்பி. எனக்கு ரொம்பப் பிடித்தது கரண்ட் கட் முடிவு: மாயாவி கையை நீட்டுகிறார், தொடுகிறார், ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. அன்றைக்கு அயனாவரத்திலும் நிஜமாகவே போயிருந்தது. விசிறி மட்டையால் எனக்கு வீசிக்கொண்டே, "இப்ப என்ன பண்ணுவார் சொல்லு" என்று கேட்டாள். நான் தூங்கவே இல்லை.

ஏழு முடிவாவது இருக்கும். எட்டாங்கிளாஸ் படிக்கிற பெண் இதையெல்லாம் எங்கிருந்து பிடித்தாள் என்று இப்போது யோசித்தால் வியப்பாக இருக்கிறது. அப்போது வியப்பில்லை, மிட்டாய் போகிறதே என்ற வயிற்றெரிச்சல்தான்.

ஜனவரி 4, சனி

புத்தகக் காட்சி. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ., 48-ஆவது வருஷம். மெட்ரோவில் இறங்கி நடந்தால் முதலில் மிளகாய் பஜ்ஜி வாசனை, அப்புறம்தான் புத்தகம். பத்து ரூபாய் டிக்கெட்.

நேரே லயன்-முத்து காமிக்ஸ் ஸ்டால். கூட்டத்தில் முக்கால்வாசி என் வயசு ஆண்கள், பாதிப்பேர் தலையில் முடி என் அளவுதான். ஒருவர் கௌபாய் டெக்ஸ் வில்லர் குண்டுப் புத்தகத்தைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் பில் போடும்போது மனைவியிடம், "ஆபீஸுக்கு வாங்கறேன்" என்றார். எந்த ஆபீஸோ.

ஸ்டாலில் இருந்த பையனிடம் கேட்டேன். "தம்பி, ஒரு மாயாவி கதை. பேர் தெரியாது. மின்சார அறையில நிக்கிறார், வெளியே பூட்ஸ் கால்."

"சார், எல்லா மாயாவி கதையிலயும் மின்சார அறை இருக்கும் சார்."

நியாயம்தான். ஷாக் அடித்தால்தானே அவர் மறைய முடியும். மறுபதிப்பு இரண்டை எடுத்து நின்றபடியே புரட்டினேன். இரண்டிலும் அந்தக் கட்டம் இல்லை. ஆனாலும் வாங்கினேன். பூட்ஸ் கால்கள் வரைந்த விதம் அதேதான்: நிழல் கனமாக, காலுக்கு மேலே ஆள் தெரியாமல்.

ஜனவரி 5, ஞாயிறு

மறுபதிப்பை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். முத்து காமிக்ஸின் முதல் இதழே இந்த மாயாவிதான், 1972-இல், சிவகாசியில் இருந்து. சிவகாசி என்றால் பட்டாசும் காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் மட்டும் என்று நினைத்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாது, எங்களுக்கு அது மாயாவி குடியிருந்த ஊர். அவர் உண்மையில் பிறந்தது இங்கிலாந்தில், வேலியண்ட் என்ற வார இதழில், 1962-இல். வரைந்தவர் ஸ்பெயின்காரர், ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பெயினில் வரைந்து, லண்டனில் அச்சாகி, சிவகாசியில் தமிழ் பேசி, சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடை வழியாக அயனாவரம் வந்திருக்கிறார் மனுஷன். மூலத்தில் அவர் பெயர் லூயிஸ் கிராண்டேல். முதல் கதையில் அவர் வில்லன். இதை அன்றைக்கு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஸ்பைடர் சமாச்சாரம் இதைவிட வேடிக்கை. அந்தக் கூர்மண்டையர் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். எங்கள் தெருவில் சூப்பர்மேனை யாரும் சீந்தவில்லை. ஹெலிகாரும் வலைத் துப்பாக்கியும் வைத்திருப்பவன்தான் தலைவன்.

மகள் தோள்வழியாக எட்டிப்பார்த்தாள். அவள் போனில் மாங்கா என்கிற ஜப்பான் காமிக்ஸ் படிக்கிறவள், வலமிருந்து இடம்.

"அப்பா, ஆள் மறையறார் ஓகே. சட்டை எப்படி மறையும்?"

தெரியாது என்றேன்.

"கை மட்டும் தெரியுதில்ல, அப்ப மறைஞ்சு என்ன யூஸ்?"

இதற்கும் பதில் இல்லை. நாற்பது வருஷத்தில் எனக்கு ஒருமுறைகூட இந்தச் சந்தேகம் வரவில்லை. கும்மிருட்டு நடையில் ஒற்றை இரும்புக்கை மிதந்து வந்தால் ஏன், எப்படி என்றா கேட்போம்?

ஜனவரி 9, வியாழன்

ஆபீஸில் இருந்து லேட். பூந்தளிரை மட்டும் பிரித்தேன். ஆசிரியர் வாண்டுமாமா. வேட்டைக்கார வேம்பு, காக்கை காளி, சுப்பாண்டி. சுப்பாண்டி நம்ம ஊர் ஆள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? திருச்சி வாசகர் ஒருவர் எழுதி அனுப்பிய தமிழ்நாட்டுக் கதை 1983-இல் பம்பாயில் டிங்கிள் என்ற சிறுவர் இதழில் வந்தது, அங்கே படம் போட்டுத் திரும்பித் தமிழுக்கே வந்துவிட்டான்.

அம்புலிமாமாவில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்கேலால் மெல்லப் பிரித்தேன். பிரேதத்தைத் தோளில் போட்டு, வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தன், ஓவியர் சங்கர் வரைந்தது. 1947-இல் தொடங்கி அத்தனை மொழிகளிலும் போன பத்திரிகை நம்ம வடபழனியில் அச்சானது என்று பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் அப்பாவை வெறி பிடித்த மாதிரி நச்சரித்து அங்கேயே போயிருப்பேன்.

இன்னொன்று. பிற்பாடு ராணி காமிக்ஸில் காட்டுக்குள் இருக்கும் முகமூடி வீரருக்கும் மாயாவி என்றே பெயர் வைத்தார்கள். நானும் அக்காவும் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. இன்றைக்கும் இல்லை.

ஜனவரி 13, திங்கள், போகி

விடிகாலை நாலரை. கீழே பிள்ளைகளின் மேளச் சத்தம். எழுந்து பார்த்தால் ஹாலில் வைத்திருந்த பழைய பேப்பர் கட்டைக் காணோம். அதன் மேல்தான் நேற்று தந்திப் பொட்டலத்தை வைத்தேன்! லுங்கியோடு மூன்று மாடி இறங்கினேன். கேட்டுக்குப் பக்கத்தில் பாய், கிழிந்த முறம், மேலே எங்கள் வீட்டுக் கட்டு. யாரோ இப்போதுதான் தீக்குச்சி கிழிக்கிறார்கள். "இருங்க இருங்க" என்று கத்தியது எனக்கே யாரோ மாதிரி கேட்டது.

பொட்டலம் தப்பியது. ஒரு பாண்ட் மட்டும் ஓரம் கருகிவிட்டார். அவருக்குப் பழக்கம்தான்.

மனைவி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "பெட்டியில வைக்க வேண்டியதை ஏன் பேப்பர் மேல வச்சீங்க?" என்றாள். அதுவும் சரி.

ஜனவரி 16, வியாழன், காணும் பொங்கல்

அக்கா வந்தாள், தூக்குவாளியில் மீந்த சர்க்கரைப் பொங்கலோடு. சாப்பாடு முடிந்ததும் அவளே கேட்டாள், "எங்கடா அது?"

கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முதல் பக்கத்தையும் பார்க்கவில்லை, கடைசிப் பக்கத்தையும் பார்க்கவில்லை. நேரே நடுப்பக்கத்தைத் திறந்து அந்தக் கோணல் பின்னின் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

"இதை மறுபடி மடிக்கத்தான் வரல," என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை.

"வாங்கும்போது அட்டைதான்டா இல்ல. உள்தாள் முழுசா இருந்துது. நீ தூங்கினப்புறம் காம்பஸ் முனையால பின்னை நிமிர்த்தி மேல்தாளை உருவிட்டேன்."

"ஏன்?"

"மிட்டாய்க்குத்தான்."

சிரிக்கிறாள். ஐம்பத்து மூன்று வயசு.

அந்தத் தாள் என்ன ஆயிற்று என்று கேட்டேன். கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டாளாம், மேலே பிரவுன் பேப்பர். அந்த நோட்டை எனக்குத் தெரியும். மூலையில் மயில் லேபிள். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. அதன் மேல் நான் சோடா மூடி அடுக்கி விளையாடியிருக்கிறேன்.

"சரி, நிஜமா என்னதான் முடிவு?"

அக்கா கண்ணாடியை இறக்கினாள். அந்தக் கேபிளை, அந்தப் பூட்ஸ் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மறந்துபோச்சுடா. அத்தனை தடவை மாத்திச் சொன்னேனா, நான் சொன்னதுல எது அதுன்னு எனக்கே தெரியல."

மகள் போனைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். "அத்தை, அந்தக் கரண்ட் கட் முடிவு சொல்லுங்களேன்."

"சொல்றேன். முதல்ல உள்ள போய் டப்பாவுல கடலை மிட்டாய் இருக்கா பாரு."