பள்ளி மாறிய மகளும் டென்னிஸ் சீசனும்

மினசோட்டாவில் மினியாபொலிஸ் புறநகர் ஒன்றில் இருக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பை எங்கள் பகுதிப் பள்ளியில் முடித்துவிட்டு, பத்தாம் வகுப்புக்குப் பக்கத்து டிஸ்ட்ரிக்ட் (பள்ளி நிர்வாக வட்டாரம்) பள்ளிக்கு மாறினாள். காரணம் படிப்புதான். அங்கே ஐ.பி. டிப்ளமா என்ற சர்வதேசப் பாடத்திட்டம் இருந்தது, எங்கள் பள்ளியில் இல்லை. பள்ளியில் இடம் சுலபமாகவே கிடைத்தது. ஆனால் அவள் உயிராக நினைக்கும் டென்னிஸில் ஒரு முழு சீசனும், அடுத்த சீசனின் தொடக்கமும் கைவிட்டுப் போயின. இங்கே எட்டாம் வகுப்பில் பிள்ளைகள் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சேர்க்கை. வீடு இருக்கும் டிஸ்ட்ரிக்டை விட்டு வேறு டிஸ்ட்ரிக்டின் அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லாமல் படிக்கலாம் என்பதுதான் ஓப்பன் என்ரோல்மென்ட். மாநிலம் முழுவதற்குமாக இதற்கு 1988-இல் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் மினசோட்டா. எந்த டிஸ்ட்ரிக்டுக்குப் போவதானாலும் விண்ணப்பம் ஒன்றேதான். அடுத்த கல்வியாண்டுக்கு ஜனவரி 15-க்குள் கொடுக்க வேண்டும், பதில் பிப்ரவரி 15-க்குள் வந்துவிடும். இடம் இல்லை என்று அவர்கள் மறுக்கலாம். ஆனால் பிள்ளையின் மதிப்பெண், ஆங்கிலத் திறன், விளையாட்டுத் திறமை இவற்றைப் பார்த்து எடுக்கவோ ஒதுக்கவோ சட்டம் அனுமதிப்பதில்லை. எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. ஒரு முறை சேர்ந்துவிட்டால் ஆண்டுதோறும் மறுபடி விண்ணப்பிக்கவும் வேண்டாம்.

பிப்ரவரியில் கடிதம் வந்தது. வீட்டில் பாயசம் வைத்தோம்.

சேர்க்கை அலுவலகத்தில் இருந்தவர்கள் பொறுமையாகவே பேசினார்கள். பஸ் பற்றிக் கேட்டோம், பாடத் தேர்வு பற்றிக் கேட்டோம், மதிய உணவில் சைவம் உண்டா என்றுகூடக் கேட்டோம். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. மகள் டென்னிஸ் ஆடுவாள் என்று சொன்னபோது, "இங்கே நல்ல டீம் இருக்கிறது" என்றார்கள். அதற்கு மேல் அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இங்கே பெண்கள் டென்னிஸ் இலையுதிர்கால விளையாட்டு. பள்ளி திறப்பதற்கு முன்பே, ஆகஸ்ட் நடுவில் பயிற்சி தொடங்கிவிடும். விளையாட்டுக்குப் பதிவு செய்து, மருத்துவப் பரிசோதனைப் படிவமும் கொடுத்த பிறகு ஒரு நாள், பள்ளியின் விளையாட்டுகளைக் கவனிக்கும் ஆக்டிவிட்டீஸ் டைரக்டர் தொலைபேசியில் அழைத்தார். போன வருடம் வேறு பள்ளியில் படித்தாளா, வீடு மாறினீர்களா என்று இரண்டே கேள்விகள்தான் கேட்டார். வீடு மாறவில்லை என்றதும் சற்று நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

பள்ளி விளையாட்டு மினசோட்டா மாநில உயர்நிலைப் பள்ளி லீக்கின் கையில் இருக்கிறது. ஓப்பன் என்ரோல்மென்ட் சட்டம் படிக்க இடம் தருகிறது. யார் வார்சிட்டியில், அதாவது பள்ளியின் முதன்மை அணியில், ஆடலாம் என்பதைப் பள்ளி மாறுபவர்களுக்கான லீக்கின் டிரான்ஸ்ஃபர் விதி முடிவு செய்கிறது. ஒன்பதாம் வகுப்பில் முதல் முறையாகச் சேரும்போது எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தாலும் உடனே வார்சிட்டி ஆடலாம். அதற்குப் பிறகு பள்ளி மாறினால், குடும்பமே வேறு பள்ளியின் எல்லைக்குள் குடிபெயர்ந்தது போன்ற சில காரணங்கள் வேண்டும். அவை இல்லாவிட்டால், புதிய பள்ளியில் வகுப்புக்குப் போன முதல் நாளிலிருந்து ஒரு முழு ஆண்டு வார்சிட்டி கிடையாது. அதற்கு அடுத்த நிலை அணியான ஜே.வி.யில் ஆடலாம், அணியோடு பயிற்சி செய்யலாம், அவ்வளவுதான்.

அந்த "முதல் நாளிலிருந்து" என்ற சொல்லை அப்போது நான் சரியாகக் கவனிக்கவில்லை. இரவு காலண்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. பள்ளி செப்டம்பர் 3-ஆம் தேதி திறக்கிறது. அப்படியானால் தடை அடுத்த செப்டம்பர் வரை நீளும். ஆனால் அடுத்த சீசனின் ஆட்டங்கள் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். அதாவது பத்தாம் வகுப்பு சீசன் முழுதும் போய், பதினொன்றாம் வகுப்பின் முதல் இரண்டு வாரமும் போகும். வசந்த காலத்தில் ஆடும் பையனாக இருந்தால் ஒரு சீசனோடு முடிந்திருக்கும். இலையுதிர் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையாக இருக்கிறது. கால்பந்து, வாலிபால், கிராஸ் கன்ட்ரி எல்லாம் இதில் வரும்.

ஒன்பதாம் வகுப்பில் அவள் பழைய பள்ளியின் வார்சிட்டியில் மூன்றாவது டபுள்ஸ் ஆடியிருந்தாள். இங்கே ஓர் அணிக்கு நான்கு சிங்கிள்ஸ், மூன்று டபுள்ஸ், மொத்தம் ஏழு ஆட்டங்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியாக வருவதற்கு எட்டாம் வகுப்புக் கோடை முழுக்க உழைத்தவள். விஷயத்தைச் சொன்னபோது அழவில்லை. "அப்போ பழைய ஸ்கூலுக்கே திரும்பிப் போய்டவா அப்பா?" என்று கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் பேசினோம். அவள் அம்மாதான், முடிவு உன்னுடையது, எதை எடுத்தாலும் நாங்கள் கூட நிற்போம் என்று தெளிவாகச் சொன்னாள். மகள் புதிய பள்ளியிலேயே இருப்பதாகச் சொன்னாள்.

அப்புறம் ஆலோசனைகள் வந்தன. தெரிந்தவர் ஒருவர், அந்தப் பக்கம் ஓர் அபார்ட்மென்ட் வாடகைக்கு எடுத்து முகவரியைக் காட்டிவிடுங்கள் என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் குடும்பம் உண்மையாகவே அங்கே குடியேற வேண்டும், வெறும் ஒப்பந்தக் காகிதம் போதாது. பொய் என்று தெரிந்தால் அவள் ஆடிய ஆட்டங்களை அணி இழக்க நேரிடும், கூட ஆடிய பெண்களும் அதைச் சுமக்க வேண்டியிருக்கும். பதினைந்து வயதுப் பெண்ணை அந்த நிலையில் நிறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

மேல்முறையீடு செய்யலாமா என்று டைரக்டரிடம் கேட்டேன். பெற்றோர் இறப்பு, குடும்பத்தின் பொருளாதார நிலை சட்டென்று சரிவது போன்ற நிலைமைகளுக்காக மறுபரிசீலனை இருக்கிறது, படிப்புக்காக விரும்பி மாறியது அதில் வராது என்று நேராகச் சொன்னார். அந்த நேர்மைக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். வீணாக நம்பிக்கை கொடுத்திருந்தால் எங்களுக்கு இன்னும் வலித்திருக்கும்.

விதியின் நோக்கம் எனக்குப் புரிகிறது. இது இல்லாவிட்டால் பலமான பள்ளிகள் நல்ல ஆட்டக்காரர்களை இழுத்துக்கொண்டே இருக்கும், அந்தப் பள்ளியில் சிறு வயதிலிருந்து படித்த பிள்ளை வெளியே உட்காரும். ஆனால் கோப்பைக்காக மாறியவளுக்கும் பாடத்துக்காக மாறியவளுக்கும் இந்த விதியில் வித்தியாசம் இல்லை. அது சரியில்லை என்றே இன்னும் நினைக்கிறேன். அதைவிட, சேர்க்கை விண்ணப்பத்தை வாங்கும் இடத்திலேயே இதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் எத்தனையோ வீடுகளில் இந்த ஆகஸ்ட் வராது.

ஜே.வி. ஆண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வார்சிட்டி எங்கள் பள்ளியில் ஆடும் நாளில் ஜே.வி. பெரும்பாலும் எதிரணிப் பள்ளிக்குப் போய்விடும். அதனால் தினமும் கூடப் பயிற்சி செய்த தோழிகளின் ஆட்டத்தைக்கூட அவளால் பார்க்க முடியவில்லை. அக்டோபர் கடைசியில் மாநிலப் போட்டி மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பேஸ்லைன் டென்னிஸ் சென்டரில் நடந்தபோது, வேறு பள்ளிகளின் ஆட்டத்தையாவது பார்க்கலாம் என்று கூட்டிப் போனேன். ஒரு வார்த்தை பேசாமல் மூன்று மணி நேரம் பார்த்தாள். அந்தக் குளிர்காலத்தில் அவளே பேசி, வாரம் இரண்டு நாள் உள்ளரங்கில் பயிற்சிக்குச் சேர்ந்தாள்.

பஸ் விஷயமும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. புதிய டிஸ்ட்ரிக்ட் தன் எல்லைக்குள் மட்டும்தான் ஏற்றிக்கொள்ளும், எல்லை வரை கொண்டுபோய் விடுவது பெற்றோர் பொறுப்பு. ஜனவரியில் மைனஸ் 20 டிகிரியில், இருட்டில், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிறுத்தத்தில் காரை ஓட விட்டுக்கொண்டு இருவரும் பஸ்ஸுக்குக் காத்திருப்போம். அவள் என்னிடம் மனம் விட்டுப் பேசியது அந்தப் பத்து நிமிடங்களில்தான்.

உங்கள் பிள்ளை எட்டாம் வகுப்பில் இருந்தால், உயர்நிலைப் பள்ளி எது என்பதை அந்த ஜனவரியிலேயே முடிவு செய்யுங்கள். ஒன்பதுக்குப் பிறகுதான் மாற வேண்டியிருக்கிறது என்றால், விண்ணப்பத்துக்கு முன்பே புதிய பள்ளியின் ஆக்டிவிட்டீஸ் டைரக்டரைக் கூப்பிட்டு, பிள்ளை முன்பு எங்கே படித்தாள், வீடு மாறுகிறதா என்பதைச் சொல்லி, "வார்சிட்டி எந்தத் தேதியிலிருந்து?" என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வீடு வாங்கும் யோசனை ஏற்கெனவே இருந்தால் பள்ளி மாற்றத்தையும் அதோடு சேர்த்துச் செய்யுங்கள். குடும்பத்தோடு வேறு மாநிலத்திலிருந்து இங்கே குடிவருபவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பதினொன்றாம் வகுப்பில் ஆகஸ்ட் ஆட்டங்களுக்கு அவள் பந்து எடுத்துக் கொடுத்து, தண்ணீர் நிரப்பி, கம்பி வேலிக்கு வெளியே நின்றாள். தடை முடிந்த மறுநாள் மதியம் அலுவலகத்தில் இருந்தேன். மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. கோச் கையால் எழுதிய ஆட்டப் பட்டியல், இரண்டாவது டபுள்ஸில் அவள் பெயர். கீழே "நாலரைக்கு ஆரம்பம் அப்பா" என்று எழுதியிருந்தாள். நான் மூன்றரைக்கே கிளம்பிவிட்டேன்.