முகாமுக்குள் நூலகம்: கடிதம் முதல் துணிப்பை வரை

புழல் காவாங்கரை மாதிரி ஓர் இலங்கைத் தமிழர் முகாமில் பிள்ளைகளுக்கு நூலகம் வைக்க நினைப்பவர்கள், எடுத்த எடுப்பில் புத்தகம் திரட்டத் தொடங்குவார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். மூட்டைகள் வந்து குவிந்த பிறகுதான் உள்ளே போகவே அனுமதி வேண்டும் என்பது உறைத்தது.

ஆட்சியருக்குக் கடிதம் எழுத வேண்டும். காவல் துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவும் விசாரிக்கும். புழல் இருக்கும் மாதவரம் வட்டம் 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. அதனால் பழைய கடிதத்தைப் பார்த்து எழுதாமல், யாருக்கு அனுப்புவது என்று முகாமைக் கவனிக்கும் வருவாய் ஆய்வாளரிடமே கேட்டுவிடுங்கள். 'அகதிகள் முகாம்' என்று எழுத வேண்டாம். 2021-இலிருந்து அரசுத் தாளில் அது 'மறுவாழ்வு முகாம்'. யார் யார் வருகிறார்கள், எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த அறை எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். முகாம் தலைவரின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். முகாமில் ஆட்களை எண்ணிச் சரிபார்க்கும் தணிக்கை நடக்கும் நாட்களில் நூலகம் வேண்டாம், யாரும் வர மாட்டார்கள்.

நன்கொடை மூட்டையைப் பிரித்தால் பாதிக்கு மேல் பழைய நோட்ஸ், போட்டித் தேர்வு கைடு, ஜோதிடம். வாங்கும்போதே கழித்துவிடுங்கள், அறைக்குள் வந்துவிட்டால் வெளியே போட மனசு வராது. எண்பது பிள்ளைகளுக்கு முந்நூறு நல்ல புத்தகம் தாராளம். அதில் குறைந்தது நூற்றைம்பது படக்கதையாக இருக்கட்டும். நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா, பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் நூல்கள் நல்ல தொடக்கம். மீதியை அல்லிக்குளம் மூர் மார்க்கெட்டில் தேடலாம். பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிடலாம். ஏ4 தாளில் இரண்டு பக்கமும் அடித்து நடுவில் மடித்தால், நான்கு தாளில் பதினாறு பக்கப் புத்தகம். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், இல்லையென்றால் கடைசியில் வெற்றுப் பக்கம் தொங்கும். சாதாரண ஸ்டேப்ளர் மடிப்பு வரை எட்டாது. நீளக் கை வைத்தது கேளுங்கள், அல்லது ஊசி நூலால் தைத்துவிடுங்கள்.

அறைக்கு நாலடி உயர இரும்பு ரேக் போதும். ஆளுயர ரேக்கில் மேல்தட்டுப் புத்தகம் வருஷக்கணக்கில் புதுசாகவே இருக்கும். கீழ்த்தட்டு தரையிலிருந்து ஓரடியாவது மேலே நிற்கட்டும். ஏரிப் பக்கத்து ஊர், டிசம்பரில் தண்ணீர் சொல்லிவிட்டு வராது. ரேக்கைச் சுவரை ஒட்டிப் போட்டால் ஈரம் ஏறும், கரையான் வரும். நாலு விரல் தள்ளிப் போடுங்கள். ராமபாணப் பூச்சிக்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும். பாச்சை உருண்டை வேண்டாம், சின்னது ஏதாவது மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும். சுவருக்கு வண்ணமடிக்க வெளியாள் தேட வேண்டியதில்லை. முகாமில் பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர்கள் அத்தனை பேர். எந்தச் சுவருக்குப் பட்டி பார்க்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

படக்கதைகளை ரேக்கில் முதுகு தெரிய அடுக்கினால் யாரும் தொட மாட்டார்கள், முதுகே இல்லாத ஒல்லிப் புத்தகங்கள் அவை. சுவரில் நைலான் கயிறு கட்டி, துணி கிளிப்பில் அட்டை தெரிய மாட்டுங்கள்.

வாசிப்பு நிலையைப் பிரிக்க நிற ஸ்டிக்கர் நாலு. வரிக்கு ஒரு சொல் என்றால் சிவப்பு, பத்திப் பத்தியாகப் போனால் நீலம், இடையில் மஞ்சளும் பச்சையும். வகுப்புப் பெயர் எழுதிவிடாதீர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஏழாம் வகுப்புப் பையன் 'மூன்றாம் வகுப்பு' என்று போட்ட புத்தகத்தை எடுக்கவே மாட்டான். சிவப்பு என்றால் கூச்சமில்லாமல் எடுப்பான். வெயிலில் ஸ்டிக்கர் பசை இளகிவிடும், மேலே ஒளிபுகும் டேப் ஒட்டுங்கள். கிழிந்த முதுகுக்கு மட்டும் அந்த டேப் ஆகாது, பழுத்து உதிரும். அதற்குக் காடாத் துணிப் பட்டையும் வெள்ளைப் பசையும்.

பதிவேட்டில் பெயர், வகுப்பு, வீட்டு வரிசை போதும். அடையாள அட்டை எண் எதற்கு? அதைக் கேட்டதுமே பெற்றோர் பிள்ளையை அனுப்பத் தயங்குவார்கள். பிள்ளைகள் முகம் தெரியும் படத்தை நன்கொடையாளருக்கு அனுப்பாதீர்கள், அவர்கள் எவ்வளவு கேட்டாலும்.

"அக்கா, இதை வீட்ட கொண்டு போகட்டோ?" என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் 'ஓம்', அதாவது 'ஆமாம்', என்றே இருக்கட்டும். பள்ளியில் சென்னைத் தமிழும் வீட்டில் அம்மம்மாவின் தமிழுமாகப் பேசும் பிள்ளைகள் இவர்கள். வாசித்துக் காட்டும்போது 'நாற்காலி' வந்தால், வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள்; 'கதிரை' என்று நாலு குரல் வரும். திருத்த வேண்டாம்.

அபராதம் வைத்தோம், இரண்டு ரூபாய். புத்தகம் திரும்பவில்லை, பிள்ளையும் வரவில்லை. எடுத்துவிட்டோம். தொலைவதைவிட நனைவதுதான் அதிகம், ஒழுகும் ஒற்றை அறை வீட்டில் புத்தகத்துக்கு எங்கே இடம்? பழைய புடவையில் காது வைத்துப் பை தைத்து, உள்ளே பால் கவர் வைத்துக் கொடுத்தால் ஆணியில் மாட்டிவிடுவார்கள். கவரைக் கழுவிக் காயவைக்காவிட்டால் எறும்பு.

திறக்கும் நேரத்தை நாம் முடிவு செய்யக் கூடாது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பெண் பிள்ளைகள் குடத்தோடு நிற்பார்கள். அது முடிந்த பிறகு இரண்டு மணி நேரம். முகாமிலேயே பிளஸ் டூ முடித்த இரண்டு பெண்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பொறுப்பைக் கொடுங்கள், இரண்டு பேரிடமும் சாவி இருக்கட்டும். ஒரே சாவி வைத்திருந்தவர் வேலைக்குப் போன வாரமெல்லாம் எங்கள் நூலகம் பூட்டியே கிடந்தது.