டோரதியின் ஒரு பார்வை

சான் பிரான்சிஸ்கோ விக்டோரியா தியேட்டர் மேடை. நரைத்த விக், அகலமான தோள்பட்டை வைத்த உடுப்பு. பெண் வேடமிட்டு நடிக்கும் டிராக் கலைஞர் ஹெக்லினா, 'தி கோல்டன் கேர்ள்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் வரும் டோரதியாக நின்று வாயே திறக்காமல் ஒரு பார்வை பார்க்கிறார், அதற்கே அரங்கம் அதிர்கிறது. இன்று காலை கண்ணில் பட்ட பழைய வீடியோ துண்டு இது. விடாமல் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

'தி கோல்டன் கேர்ள்ஸ்' 1985 முதல் 1992 வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்த தொடர். மயாமியில் ஒரே வீட்டில் வாழும், டோரதி, சோஃபியா, ரோஸ் உட்பட வயதான பெண்கள் நான்கு பேர். அதன் கிறிஸ்துமஸ் கதைகளைத்தான் ஹெக்லினாவும் சக கலைஞர்களும் டிசம்பர் தோறும் டிராக் நாடகமாகப் போட்டார்கள்.

பகடிதான். ஆனால் அந்தப் பெண்களை மட்டம் தட்டும் பகடி இல்லை. சோஃபியா எங்கே போனாலும் கையிலிருந்து இறக்காத அந்தக் கைப்பை வரைக்கும் நேசித்துப் பார்த்தவர்களால்தான் இப்படி நடிக்க முடியும்.

ஏன் இந்தத் தொடர்? ஓரினச்சேர்க்கையாளர், திருநர் போன்ற பால்புதுமையினர் என்பதற்காகப் பெற்றவர்களே கதவைச் சாத்திய பிறகு நண்பர்களோடு ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டவர்களுக்கு நால்வரும் கூடிப் பேசும் அந்தச் சமையலறை மேசை அந்நியமாக இருக்குமா, சொல்லுங்கள். எய்ட்ஸ் என்றாலே ஊர் விலகி நின்ற 1990இல், இரத்தம் ஏற்றிக்கொண்ட ரோஸ் எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுக்காகப் பயந்து காத்திருக்கும் கதையையும் இதே தொடர் காட்டியது.

ஹெக்லினா 2023இல் காலமானார். அசல் டோரதியான பீ ஆர்தர் 2009இலேயே போய்விட்டார். போகும்போது, வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பால்புதுமை இளைஞர்களுக்கான நியூயார்க் காப்பகத்துக்கு 3 லட்சம் டாலர் எழுதி வைத்திருந்தார். 2017இல் அவர் பெயரிலேயே அங்கே ஒரு விடுதி திறந்தார்கள்.